தலைக்காயை விட்டுப் போன திருடன்

காலை ஏழரை மணி.

மஞ்சள் பூசணி விளைந்து கிடந்த கால் ஏக்கர் நிலத்தில் கொடி இருந்தது, இலை இருந்தது, நேற்றைய மழைக்குத் தப்பிய ஒன்றிரண்டு பூக்கூட இருந்தது. காயை மட்டும் காணோம்.

"துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டான் மேடம்" என்றார் கிடங்குக்காரர். ஊரில் மூன்று சரக்குக் கிடங்குகளுக்குச் சொந்தக்காரர் அவர். நான்காவதைக் கட்டத்தான் இந்த நிலத்தை வாங்கியிருந்தார். "நேத்து மத்தியானம் பத்திரம் பதிஞ்சோம். இன்னைக்குக் காலையில வந்து பாத்தா இப்படிக் கிடக்கு. நிலம் என் பேருக்கு வந்த முதல் ராத்திரியே கை வச்சிட்டான்."

"யாரு?"

"வேற யாரு? இத்தனை வருஷமா இதைக் குத்தகைக்கு ஓட்டின பூசணிக்காரர்தான்."

இன்ஸ்பெக்டர் வரப்பில் நின்றபடி நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது, வலது முழங்காலில் தீராத வலி, காலில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத ஷூ. இந்த மூன்றில் சேற்றில் இறங்கவிடாமல் அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது ஷூதான். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கிவிட்டார்.

காய் கிடந்த இடங்களெல்லாம் தனியாகத் தெரிந்தன. கனத்த காய் அழுத்தி உட்கார்ந்திருந்த மண்ணில் கிண்ணம் கிண்ணமாகக் குழி. ஒவ்வொரு குழியிலும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. பின்னால் வந்த ஏட்டு, பெரிய உடம்புக்காரர், அதில் ஒன்றில் காலை விட்டு முழங்கால் வரை தெறிக்கவிட்டுக்கொண்டார்.

"மேடம், எல்லாத்தையும் எடுக்கலை" என்றார், காலை உதறிக்கொண்டே. "இதோ பாருங்க, வேர்கிட்ட ஒண்ணு. அங்கேயும் ஒண்ணு. இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. இருட்டுல திருடன் கண்ணுல படலை போல."

இன்ஸ்பெக்டர் குனிந்து இலையை விலக்கினார். நல்ல உருண்டையான காய். அடுத்த கொடிக்குப் போனார். அங்கேயும் வேரை ஒட்டி ஒரு காய். அதற்கடுத்த கொடியிலும்.

"ஒண்ணு ரெண்டு கண்ணுல படலைன்னா சரி. ஒவ்வொரு கொடியிலயும் அதே இடத்துல படாம போகுமா?"

 ஏட்டு தன் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வரப்புக்குத் திரும்பினார். "நேத்து மழை எப்ப பிடிச்சது?"

"நாங்க கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கும்போதே கொட்ட ஆரம்பிச்சிருச்சு" என்றார் கிடங்குக்காரர். "பத்திர ஆபீஸ்ல ஜன்னலைச் சாத்த ஆளில்லை. என் பத்திரத்து மேலயே சாரல். பொழுது சாயற வரைக்கும் விடவே இல்லை. இல்லைன்னா நேத்தே வந்து பாத்திருப்பேன்."

"பத்திரத்துல காயைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"கைமாறும் நேரத்துல மண்ணுல வேரோட நிக்கிறது அத்தனையும் வாங்கறவருக்குன்னு இருக்கு. வித்தது பூசணிக்காரரோட சொந்த அண்ணன், கடைத்தெரு டெய்லர். அவரும் பதியறதுக்கு முன்னாடி காயைப் பத்தி ஏதோ இழுத்தாரு. எழுதினபடிதாங்கன்னு சொல்லி முடிச்சிட்டேன். அதை வச்சு நான் என்ன பண்ணப் போறேங்கிறது வேற விஷயம் மேடம். என் நிலத்துல ஒருத்தன் கை வச்சா நான் வாயை மூடிக்கிட்டு நிக்க முடியுமா? அவரைப் பிடிச்சு உள்ள வைங்க."

ஜீப்புக்கு நடக்கும்போது ஏட்டு, கேட்காமலேயே, தெருவில் பேசிக்கொள்வதையெல்லாம் கொட்டினார். அண்ணன் தம்பி இருவரும் அம்மா இறந்த வருஷம் சண்டை போட்டுக்கொண்டவர்கள். யார் சரியாகக் கவனித்தது, யார் கவனிக்கவில்லை என்ற பழைய சண்டைதான். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. வீடும் கொட்டகையும் தம்பிக்கு, நிலம் அண்ணனுக்கு என்று பாகம் பிரித்தார்கள். அண்ணன் நிலத்தையே தம்பி குத்தகைக்கு ஓட்டினார். குத்தகைப் பணம்கூட வேறொருவர் கையால்தான் போகும். இப்போது அண்ணன் நிலத்தை விற்கப் போவதாகச் சொல்லியனுப்பியதும் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"'நானாவே வெளிய போறேன், ஒரு காய்கூட எனக்கு வேண்டாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு மேடம். கொடி நிறையக் காயை வச்சுக்கிட்டு எவனாவது அப்படிப் பண்ணுவானா? அன்னைக்கிலேர்ந்து அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கலையாம்."

"எவனும் பண்ண மாட்டான். கூடப் பிறந்தவன் மேல கோபம்னா பண்ணுவான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

*

பூசணிக்காரரின் கொட்டகை நிலத்துக்குப் போகிற சந்தின் முனையில், வீட்டைவிட்டுத் தள்ளி இருந்தது. கதவுக்குப் பூட்டுக்கூட இல்லை. ஏட்டு அதைத் தள்ளியதும் இருவருமே அசந்து நின்றார்கள்.

உள்ளே தரை முழுக்க வைக்கோல். வைக்கோல் மேல் வரிசை வரிசையாகப் பூசணி. ஒன்றின் மேல் ஒன்று உரசாமல், எல்லாக் காயும் காம்பு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. காம்பை விரல் நீளத்துக்கு விட்டு அறுத்திருந்தார்கள்; அப்படி விட்டால்தான் காய் அழுகாமல் மாதக்கணக்கில் நிற்கும். திருட்டுப் பொருளுக்கு இவ்வளவு மரியாதை செய்த திருடனை இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ஒரு காயைத் தூக்கித் திருப்பினார். அடியில் கையை ஓட்டினார். உள்ளங்கையில் புழுதி ஒட்டியது, தட்டியதும் போய்விட்டது. சில காய்களின் காம்பில் மட்டும் சிவப்புத் துணி கிழிசல் கட்டியிருந்தது.

"நான்தாங்க அறுத்தேன்."

வாசலில் பூசணிக்காரர் நின்றார். ஒல்லியான மனிதர். யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

"எப்போ?"

"நேத்து ராத்திரி."

"மழையிலயா?"

"மழை விட்டதுக்கப்புறம்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான்." அவர் கண் சிவப்புத் துணிகளின் மேல் போனது. முகம் சுருங்கியது. "விதைக்குக் கட்டினதையுமா…" என்று வாய்க்குள் ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. நான்தான் அறுத்தேன். எழுதிக்கோங்க."

எழுத நேரமில்லை. அவர் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "அவரு இல்லீங்க. நான்தான் அறுத்தேன். இவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"நீ உள்ள போ" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

ஏட்டு தலையைச் சொறிந்தார். ஒரு திருட்டுக்கு ஒரு திருடன் கிடைப்பதே பெரும்பாடு. இங்கே இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பூசணிக்காரரை ஏட்டோடு வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார்.

"எப்ப அறுத்தீங்க?"

"நேத்து ராத்திரி. மழை விட்டதும்."

"விதைக்காயை என்ன பண்ணீங்க?"

"அதை எப்படி அறுப்பேன்? சிவப்புத் துணி கட்டினதையெல்லாம் விட்டுட்டு மிச்சத்தைத்தான்…" சொல்லிக்கொண்டே திரும்பியவள், வரிசையில் உட்கார்ந்திருந்த சிவப்புத் துணிகளைப் பார்த்து வாயடைத்துப் போனாள்.

இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுகொள்ளாதவர் போல, "விதைக்கு எப்பவும் துணிதான் அடையாளமா?" என்றார்.

"ஆமாங்க. மாமியார் இருந்த வரைக்கும் வேற மாதிரி. வேரை ஒட்டி முதல்ல காய்க்கிற தலைக்காயைத்தான் விடுவாங்க. அவங்க போனதுக்கப்புறம் இவரு மாத்திட்டாரு. கொடியில எங்க இருந்தாலும் நல்ல காயாப் பாத்து ஒரு துணியைக் கட்டிருவாரு."

இன்ஸ்பெக்டர் எழுந்து பூசணிக்காரரையும் உள்ளே கூப்பிட்டார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"நீங்களும் அறுக்கலை. நீங்களும் அறுக்கலை. நேத்துப் பெய்ஞ்ச மழைக்கு, ராத்திரி அறுத்திருந்தா ஒவ்வொரு காய் அடியிலயும் சேறு அப்பியிருக்கணும். இங்க வெறும் புழுதிதான் இருக்கு. உண்மையைச் சொல்லுங்க. இந்தக் காய் இங்க எப்ப வந்தது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ அறுக்கலையா?" என்றார் கணவர், மெதுவாக.

"அப்ப நீங்க இல்லையா?"

உண்மை அதற்குப் பிறகு தானாக வந்தது. நேற்றுக் காலையில் கொட்டகையைத் திறந்தபோதே காய் இருந்தது. அவர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சற்று நேரம் கழித்து அவளும் அப்படியே பார்த்தாள். நாள் முழுக்க ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருட்டு நேற்று ராத்திரி நடந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டதைக் கேட்டு, போலீஸிடமும் இருவரும் அதையே சொல்லியிருந்தார்கள்.

"என் வீம்பால ஒரு வருஷத்து வெள்ளாமையை இவ கையிலேர்ந்து பிடுங்கிட்டேன்" என்றார் பூசணிக்காரர். "பொறுக்க முடியாம இவளே போய் அறுத்துட்டான்னு நினைச்சேன். கேட்டா கூசிப்போயிருவா. அதான் கேக்கலை."

"ஒரு காய்கூட வேண்டாம்னு ஊரைக் கூட்டிச் சொன்னவரு" என்றாள் அவள். "ராத்திரியோட ராத்திரியா போய் அறுத்தீங்களான்னு நான் கேட்டா, இந்த மனுஷன் அப்புறம் தலை நிமிருவாரா? அதான் நானும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஏட்டு கைக்குட்டையை எடுத்து, வேர்வையைத் துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு, மூக்கைத் துடைத்தார்.

"இந்தக் காய் போச்சுன்னா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆத்தோரத்துல ஒரு நிலம் குத்தகைக்கு வருது. இதை வித்தாத்தான் அதைப் பிடிக்க முடியும்" என்றாள். "இல்லைன்னா இவரு அடுத்தவங்க நிலத்துல கூலிக்குப் போகணும். அதைவிட, திருடன்னு பேரு வாங்கிட்டா இவருக்கு யாரு நிலம் கொடுப்பாங்க?"

வெளியே வந்ததும் ஏட்டு காதருகில் சொன்னார்: "கிடங்குக்காரர் போன் மேல போன் போடறாரு மேடம். சரக்கு இவங்க கொட்டகையில இருக்கு. ஒத்துக்கவும் செஞ்சிட்டாங்க. அறுத்தது யாருன்னு நாம சொல்லலைன்னா இந்த மனுஷனைத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"தெரியும். கொஞ்சம் பொறுங்க."

*

ஜீப்பில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் கணவர் சொத்து வழக்கு வக்கீல். கோர்ட் விடுமுறை, அடுப்படியில் இருந்தார்.

"ஏங்க, நிலத்துல நிக்கிற பயிர் யாருது?"

"சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"சாப்பிட்டீங்களா? பயிர் யாருது?"

அந்தப் பக்கம் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. சொத்துச் சட்டம் என்றால் அந்த மனிதருக்குப் பால் பொங்குவதுகூடத் தெரியாது. "வேரோட நிக்கிற வரைக்கும் அது நிலத்தோட சேர்ந்தது. நிலம் யாருக்குப் போகுதோ, தனியா எழுதிப் பிரிக்கலைன்னா, அதுவும் அவருக்கே போகும். அறுத்துட்டா வெறும் சரக்கு. கூடையில இருக்கிற காய்க்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை."

"விதைச்சது குத்தகைக்காரரா இருந்தா?"

"அங்க சட்டம் கொஞ்சம் மனசு வச்சிருக்கு. எப்ப முடியும்னு தெரியாத குத்தகை, அவன் மேல தப்பு இல்லாம முடிஞ்சு போனா, விதைச்சவன் திரும்ப வந்து அறுத்துட்டுப் போகலாம். நிலத்துக்காரன் வழி விட்டே ஆகணும். அறுப்போம்னு நம்பித்தானே விதைச்சான்."

"அவனாவே விட்டுட்டுப் போயிருந்தா?"

"அப்ப அந்த உரிமை போச்சு. நிலத்தோட பயிரையும் விட்டுட்டுப் போனதா அர்த்தம்."

"ரோஷத்துல எழுதிக் கொடுத்துட்டாருங்க."

"ரோஷத்துக்குச் சட்டத்துல இடமில்லைம்மா. நீதான் வீட்டுல கொடுக்கிற."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "கடைசிக் கேள்வி. தம்பி விட்டுட்டுப் போயாச்சு. பத்திரம் இன்னும் பதியலை. அந்த இடைவெளியில காய் யாருது?"

"நிலத்துக்காரருது. வேற யாரு தொட்டாலும் தப்பு. பதிஞ்ச நிமிஷம், கொடியில என்ன மிச்சம் இருக்கோ அது வாங்கினவருது." கொஞ்சம் நிறுத்தி, "பால் பொங்கிருச்சு" என்றார்.

*

பகல் பதினொன்று. கடைத்தெருவில் தையற்காரரின் கடை அந்தக் கட்டடத்தின் கடைசி அறை. பக்கத்துக் கடைகள் ஏற்கெனவே காலியாகியிருந்தன. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வேறு இடம் வாங்கத்தான் நிலத்தை விற்றதாக அவரே சொன்னார். பேசுகிற நேரமெல்லாம் தையல் இயந்திரத்தின் மேல் கை வைத்திருந்தார்.

வெயில் ஏறியிருந்தது. மின்விசிறி வேலை செய்யவில்லை. ஆனாலும் அவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். நடு நடுவே அளவுகோலைக் கையோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டார்.

"நிலத்தைக் கைமாத்தினது பத்தி ஒரு சின்ன விசாரணை" என்றார் இன்ஸ்பெக்டர். "கடைசியா எப்ப அங்க போனீங்க?"

"அம்மா போனதுக்கப்புறம் அந்தப் பக்கம் கால் வைக்கலைங்க."

"ஆறு வருஷமாச்சா?"

"ஆறு வருஷம்." பிறகு, கேட்கக்கூடாதென்று நினைத்தும் அடக்க முடியாமல், "தம்பி நல்லா இருக்கானா?" என்றார்.

"இருக்காரு. உங்க அம்மா நல்லா விவசாயம் பண்ணுவாங்களாமே. விதைக்கு எந்தக் காயை விடுவாங்க?"

அந்த முகம் ஒரு நொடியில் இளகியது. "தலைக்காய். வேரை ஒட்டி முதல்ல காய்க்கிறது. நாங்க தொட்டா கையிலயே ஒண்ணு போடுவாங்க. இப்பவும் அதைத்தான் விடறான். அம்மா சொன்னதைத் தம்பி மாத்தவே மாட்டான்."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். எத்தனையோ பேர் அவரிடம் பொய் சொல்லி மாட்டியிருக்கிறார்கள். மனதார நம்புகிற ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

"கடையைச் சாத்திட்டு என்கூட வாங்க. ஒரு கையெழுத்து வேணும்."

*

கொட்டகைக்குள் ஐந்து பேரும் பூசணியும் நின்றதில் காற்றுக்கு இடமில்லை. கிடங்குக்காரர் முன்னால் நின்றார். ஏட்டின் பக்கத்தில் பூசணிக்காரரும் மனைவியும். தையற்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். போலீஸ் பக்கத்தில் தம்பியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"முதல்ல, எப்ப அறுத்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "நிலத்துல காய் இருந்த குழி எல்லாத்துலயும் தண்ணி நிக்குது. மழை பெய்யும்போது காய் அங்க உக்காந்திருந்தா குழிக்குள்ள அவ்வளவு தண்ணி எப்படி நிக்கும்? இங்க காய் அடியில புழுதி. ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. மழைக்கு முன்னாடியே அறுத்தாச்சு. மழை எப்ப வந்ததுன்னு சொன்னது நீங்கதான் சார்."

"கையெழுத்துப் போடும்போது" என்றார் கிடங்குக்காரர், குரல் இறங்கி.

"அப்ப, நீங்க கையெழுத்துப் போட்ட நேரத்துல அந்தக் காய் கொடியில இல்லை. வேரோட நிக்கிறது உங்களுக்குன்னு எழுதியிருக்கு. நின்னது தலைக்காய் மட்டும்தான். அதுக்கு வரேன்."

இன்ஸ்பெக்டர் சிவப்புத் துணி கட்டிய ஒரு காயைத் தொட்டுக் காட்டினார்.

"அறுத்தது யாரு? அந்தத் திருடன் ரெண்டு வேலை பண்ணியிருக்கான். ஒவ்வொரு கொடியிலயும் தலைக்காயை விட்டிருக்கான். சிவப்புத் துணி கட்டின விதைக்காயை அறுத்திருக்கான். இவரு அறுத்திருந்தா துணி கட்டினதை விட்டிருப்பாரு. இவரு மனைவியும் அப்படித்தான். வெளியாள் அறுத்திருந்தா ரெண்டையுமே விட்டிருக்க மாட்டான். தலைக்காய்தான் விதைன்னு நம்பறவன், ஆனா இந்த ஆறு வருஷத்துல அந்த வழக்கம் மாறிப்போச்சுன்னு தெரியாதவன் யாரு?"

பூசணிக்காரர் மெதுவாகத் திரும்பினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனை நேராகப் பார்த்தார்.

"டெய்லர் சார், கையைக் காட்டுங்க."

தையற்காரர் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்தார். முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. பூசணிக் கொடியின் சுணை, பழகாத கையை விடாது.

"நான்தாங்க" என்றார். "இவங்களை விட்டுடுங்க. காயைத் தம்பிக்கு விட்டுடலாமான்னு வாங்கறவர்கிட்ட கேட்டுப் பாத்தேன். பத்திரத்தை மாத்த முடியாதுன்னுட்டாரு. அவரு மேல குத்தமில்லை. நானே கொண்டு போய்க் கொடுத்தா இவன் வாங்கவும் மாட்டான். அதான் பதியறதுக்கு முந்தின ராத்திரி கடைத் தள்ளுவண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். போலீஸ் வரும்னு நினைக்கலை. இவன் மேல பழி விழும்னு நினைக்கவே இல்லை."

"சிவப்புத் துணியைப் பாக்கலையா?"

"கையில தட்டுப்பட்டது. முத்தினதுக்கு அடையாளம் கட்டியிருக்கான்னு நினைச்சேன்." அவர் குரல் தடுமாறியது. "தொட்டதுமே என்ன துணின்னு தெரிஞ்சுது. இவன் கல்யாணத்துக்கு நான் தச்ச சட்டை. கிழிச்சுப் பூசணிக்குக் கட்டியிருக்கானேன்னு முதல்ல கோபம் வந்தது. அப்புறம், இத்தனை வருஷம் தூக்கிப் போடாம வச்சிருந்தானேன்னு… வரப்புலயே உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் எழுந்திரிக்க முடியலை."

கிடங்குக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப இது திருட்டா இல்லையா மேடம்?"

"தம்பி அறுத்திருந்தா திருட்டு. உங்க கையெழுத்துக்கு முன்னாடி நீங்க அறுத்திருந்தாலும் திருட்டு. அந்த ஒரு ராத்திரி அந்தக் காயைத் தொட உரிமை இருந்தது ஒரே ஆளுக்குத்தான். அவருதான் தொட்டிருக்காரு. தன் காயைத் தானே அறுத்துத் தம்பி கொட்டகையில வச்சிருக்காரு. ஆனா ஒண்ணு." இன்ஸ்பெக்டர் பூசணிக்காரர் பக்கம் திரும்பினார். "கொடுத்தா மட்டும் ஆகாது. வாங்கிக்கிறவர் வாங்கிக்கணும். உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, அண்ணனே வண்டியை எடுத்துட்டு வந்து திரும்ப ஏத்திட்டுப் போகட்டும்."

பூசணிக்காரரின் மனைவி கணவனைப் பார்க்கவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

பூசணிக்காரர் குனிந்து சிவப்புத் துணி கட்டிய காய் ஒன்றைக் கையில் எடுத்தார். காம்பைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் பத்து நாள் கொடியில இருந்திருக்கணும்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிறகு, "விதைக்காயை அறுத்துட்டியே அண்ணே. இது முளைக்குமா?" என்றார்.

"எனக்கு யாருடா சொன்னா?" என்றார் தையற்காரர். கண்ணில் நீர் வழிந்தது. குரலில் மட்டும் அண்ணன் அதிகாரம் போகவில்லை. "அம்மா தலைக்காயைத்தானே விடுவாங்க. நீ பாட்டுக்கு மாத்தி வச்சிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா கேக்கணும்."

"எங்க வந்து கேக்கறது? நீ வாசல்ல நிக்க விடுவியா?"

ஏட்டு நடுவில் புகுந்து விலக்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆறு வருஷத்துப் பேச்சு எங்கிருந்தாவது ஆரம்பித்துத்தானே ஆக வேண்டும்.

பூசணிக்காரரின் மனைவி வீட்டுக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "மாமா, கையைக் கொடுங்க. இதைச் சொறியக்கூடாது" என்றாள். கிண்ணத்தைக் கணவர் வாங்கிக்கொண்டார். அண்ணன் கையைப் பிடித்துத் தானே தடவ ஆரம்பித்தார், வலிக்கிற அளவுக்கு அழுத்தி.

"மேடம், நிலத்துல நிக்கிற அந்தத் தலைக்காய் என்னுதுதானே?" என்றார் கிடங்குக்காரர்.

"சந்தேகமே இல்லை. வேரோட நிக்குது. உங்களுது."

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணெய்க் கையையே பார்த்தார். "முத்தற வரைக்கும் நிக்கட்டும். அதுக்கப்புறம்தான் மண்ணு கொட்டுவேன். பத்து நாள் கழிச்சு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வந்து அறுத்துக்கோங்க. ஆத்தோரத்துல நிலம் பிடிக்கப் போறீங்கன்னு ஏட்டு சொன்னாரு, அதுக்கு விதை வேணும்ல. புகாரை நான் திருப்பி வாங்கிக்கிறேன்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எங்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் டெய்லர்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். ஷூவில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. ஏட்டு ஜீப் கதவைத் திறந்துவிட்டு, எப்படி எழுதி முடிப்பது என்று கேட்டார். திருட்டு நடக்கவில்லை என்று எழுதச் சொன்னார்.

கொட்டகைக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. எந்தக் காயை விதைக்கு விடுவது, அம்மா சொன்னது சரியா, தம்பி செய்தது சரியா என்று இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தம்பியின் குரல் தணிந்து கேட்டது.

"பத்து நாள் கழிச்சு வர்றப்போ இந்த மாதிரி முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வா."

"வரேன்."

"அப்புறம், அண்ணே."

"என்னடா?"

"பகல்லயே வா."